தபீதாளின் ஒன்பது மணி

…இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றுதான் தபீதாளின் ஆபீஸ் பிளஸ்ஸி சொன்னாள், ரெண்டே ரெண்டு வார்த்தை, அண்ணா, நீங்க வந்து நின்னாலே போதும் என்று, ஆனால் எந்த இரண்டு வார்த்தை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இப்போது ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் சோழிங்கநல்லூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த இரண்டு வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தபீதாள் தினமும் இங்கேதான் நின்றிருப்பாள், இந்த மருந்துக்கடை நிழலில், தோளில் லேப்டாப் பை, கனத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு… நான் ஒருநாளும் அவளோடு இங்கே வந்து நின்றதில்லை, எனக்கு எதிர்ப்பக்கத்து பஸ், தாம்பரம் ஸ்டேஷனில் முன்பதிவு கவுண்டர், காலை ஷிப்ட், அவள் தலைசீவிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்கோ நாகர்கோவிலுக்குக் கீழ்ப்படுக்கை தேடிக்கொண்டிருப்பேன். இன்று லீவு. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு நான் போடும் முதல் லீவு, அதுவும் என் மனைவி பெயரில் அவள் ஆபீஸில் ஒரு விதி வைக்கிறார்கள் என்பதற்காக. பெரிய விதி ஒன்றுமில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் யாருக்கும் ஆபீஸ் மெயில் அனுப்பக் கூடாது, எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் எழுதி, மறுநாள் காலை ஒன்பதுக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைத்துவிட வேண்டும். டேபி ரூல் என்று பெயர். அங்கே எல்லாருக்கும் அவள் டேபி மேம். நாசரேத்துக்காரிக்கு இது என்ன பெயர் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது, அவள்தான், விடுங்க, கூப்பிடறாங்கல்ல, அது போதும் என்றாள்.

பஸ் வந்தது, ஏறினேன், ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, கண்டக்டர், இன்னா சார், படியாண்டையே நின்னுகினு, உள்ள போ சார், உள்ள எடம் கீது என்று முதுகில் தட்டாத குறையாகத் தள்ளிவிட்டார், ஜன்னலோரம் ஒரு இருக்கை காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவளுக்கு இந்த நேரத்தில் இடம் கிடைத்திருக்குமா, கேட்டதேயில்லை. அவள் வேலை எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிற வேலை, அவளுக்குக் கீழே ஒரு பன்னிரண்டு பேர், பிள்ளைங்க என்றுதான் சொல்வாள், மீசை வைத்தவனும் பிள்ளைதான், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவளும் பிள்ளைதான். ஆறரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்புவாள், வந்து சமைப்பாள், சாப்பிடுவோம், ஜெபம் பண்ணுவோம், எனக்கு விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், நான் போய்ப் படுத்துவிடுவேன், அதன் பிறகுதான் அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுவாள், தட்டுகிற சத்தம் மேசையில் ஏறி எனக்குக் கேட்கக் கூடாதாம். படுக்கையறைக் கதவைச் சாத்தமாட்டாள், நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டுமாம். தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரியும், உதடு அசைந்துகொண்டிருக்கும், முதலில் ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்… இல்லை, எழுதியதை வாசித்துப் பார்க்கிறாள், தான் வாசிப்பதாக அல்ல, பெறுகிறவர் வாசிப்பதாக. இப்ப தீனா படிக்கிறான்னு வெச்சுக்கோங்க, இந்த ‘ஏன்’ அவனுக்கு எப்படிக் கேட்கும், அடிக்கிற மாதிரி கேட்காது? என்பாள், அந்த ‘ஏன்’ போய்விடும். ‘உடனே’ போய்விடும். என்னங்க, தூங்கிட்டீங்களா, தப்பை முதல் வரியிலயே சொல்லலாமா, ரெண்டாவது வரியில சொல்லலாமா? மூணாவது வரியில சொல்லு, முதல் ரெண்டு வரியில சாப்டியான்னு கேளு என்று நான் தூக்கத்தில் உளறுவேன், அவள் சிரிப்பாள், சத்தம் வராமல் சிரிப்பாள், காலையில் கேட்டால் நிஜமாகவே மூன்றாவது வரியில்தான் வைத்திருப்பாள்.

எல்லாம் எழுதி முடித்து அனுப்பாமல் வைப்பாள். அதுதான் அவள். நாளைக் காலை ஒன்பது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிப்பாள். ஏன் ஒன்பது, எட்டரை என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். எட்டரைக்குப் போனா பஸ்ஸுல ஒத்தைக் கையில தொங்கிட்டே படிப்பாங்க, பத்துக்குப் போனா அதுவரைக்கும் தப்பாவே செஞ்சுட்டிருப்பாங்க, ஒன்பது மணின்னா உக்காந்து, தண்ணி குடிச்சு, பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சிருப்பாங்க, அப்புறம் எதையும் தாங்கலாம் என்றாள். ஒரு மெயில் போய்ச் சேரும் நேரத்தில் அதை வாங்குகிறவன் நின்றுகொண்டிருப்பானா உட்கார்ந்திருப்பானா என்று யோசிக்கிற ஆள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை கண்ணில் பட்ட தப்பைத் திங்கட்கிழமைதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல உக்காந்துகிட்டு ஒரு பிள்ளை என் மெயிலை நினைச்சுட்டிருக்கக் கூடாதுங்க. லீவில் இருப்பவனுக்கு எழுதமாட்டாள். இரண்டு பேருக்குத் தெரிய வேண்டியதில் மூன்றாவது ஆளைச் சேர்க்கமாட்டாள், பெரிய தப்பென்றால் எழுதவே மாட்டாள், அருகில் போய் உட்கார்ந்து பேசுவாள். எங்கள் கவுண்டரைப் பற்றி ஒருமுறை சொன்னேன், வெளியே எத்தனை மணியிலிருந்து வரிசையில் நின்றாலும் நிற்கட்டும், எட்டு மணிக்கு ஷட்டர் ஏறும், அதற்குள் எவனாவது ஷட்டரைத் தட்டிவிட்டால் அன்று முழுக்க எனக்குக் கை ஓடாது என்று. அதேதாங்க, ராத்திரி மெயில்னா ஷட்டரைத் தட்டறது, வேற ஒண்ணுமில்ல என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாள், ஏதோ அவள் பல வருஷம் தேடிய சொல்லை நான் எடுத்துக் கொடுத்துவிட்டது மாதிரி.

செம்பாக்கம் தாண்டிவிட்டதா… தாண்டிவிட்டது, ஏரிக்கரைப் பக்கம் புதிதாக அடுக்குமாடி எழும்புகிறது, பச்சை வலை போர்த்தியிருக்கிறார்கள். ஒரே ஒருமுறை பிசகியது. டிசம்பர் மாசம், வீட்டில் கேக்குக்குப் பழம் ஊறிக்கொண்டிருந்த சமயம், அன்று சீக்கிரமே உட்கார்ந்துவிட்டவள் அசதியில் மறுநாள் காலை ஒன்பது என்று வைப்பதற்குப் பதிலாக அன்று ராத்திரி ஒன்பது என்று வைத்துவிட்டாள், மெயில் அன்றைக்கே போய்விட்டது, பிள்ளைகளில் ஒருத்தி சினேகாவுக்கு. சின்ன விஷயம், அந்தப் பெண் ஏதோ ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாள், இவள் வந்ததும் என் இடத்துக்கு வா, சேர்ந்து பார்ப்போம், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாள், இந்தப் பயப்பட ஒன்றுமில்லை ராத்திரியில் படித்தால் எப்படி இருக்கும்? ஆனால் அந்தப் பெண் தனக்காகப் பயப்படவில்லை. வாசலில் மணி அடித்தது, திறந்தால் சினேகா, பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவள் அண்ணன், பெருங்களத்தூரிலிருந்து பைக்கில் வந்திருக்கிறார்கள். நான் ஓடிப்போய் லேப்டாப் மேல் அந்தத் துண்டை எடுத்துப் போட்டேன், ஏன் போட்டேன் என்று தெரியாது, திருடனுக்கு உதவுகிறவன் மாதிரி.

“மேம், நல்லாருக்கீங்களா?”

“எனக்கென்னடா? நல்லாத்தான் இருக்கேன்.”

“இல்ல, மெயில் வந்துச்சு… நீங்க நைட்ல அனுப்பவே மாட்டீங்களே மேம். போன் பண்ணேன், எடுக்கல. அதான் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு…”

“ஆன்ட்டி, ஜிஎஸ்டி ரோட்டுல இன்னைக்கு டிராஃபிக்கைப் பார்க்கணும் நீங்க,” என்றான் அண்ணன். “ஒரு மெயிலுக்குப் போய் என்னை இழுத்துட்டு வந்துட்டா. கேட்டா, உனக்கு ஒண்ணும் தெரியாது, டேபி மேம் மெயில் ராத்திரி வந்துச்சுன்னா உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம்னு அழறா.”

“நான் ஒண்ணும் அழல. இவன் சும்மா சொல்றான் மேம்.”

தபி சிரித்தாள், சாயங்காலமே எழுதி வெச்சதும்மா, போன் தானா அனுப்பிடுச்சு போல, நான் படுத்துத் தூங்கிட்டேன் என்றாள், பொய்யே சொல்லத் தெரியாதவள், அவ்வளவு சரளமாகச் சொன்னாள், உள்ளே போய் ஊறின பழத்திலேயே கொஞ்சம் எடுத்து வந்து இரண்டு பேர் கையிலும் வைத்தாள். அவர்கள் போன பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, சொல்லிடாதீங்க, என்ன? என்றாள். எதை? நான் ராத்திரி முழிச்சிருக்கிறதை. தெரிஞ்சா பிள்ளைங்களும் முழிச்சிருப்பாங்க, நான் எழுதறேன்னு தெரிஞ்சா அவங்க பதில் எழுதுவாங்க, தூங்க மாட்டாங்க. சரி என்றேன். அவள் துண்டை எடுத்து மறுபடி அடியில் மடித்துப் போட்டாள், உட்கார்ந்தாள். அந்தச் ‘சரி’யைத்தான் இப்போது சோழிங்கநல்லூருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் நேற்று பிளஸ்ஸி போன் செய்தாள். பிளஸ்ஸிதான் இப்போது தபி இருந்த இடத்தில், பழைய பிள்ளைகளில் ஒருத்தி, வீட்டுக்காரர் எபி, ஒரு சின்னக் குழந்தை ஜோவிதா. மீட்டிங்குக்கு வழி சொல்லத்தான் கூப்பிட்டாள், சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை, அந்தப் பக்கம் குழந்தை எதையோ போட்டு உடைத்துக்கொண்டிருந்தது. அண்ணா, ஒண்ணு கேட்கட்டா, மேம் எப்படிண்ணா எல்லாத்தையும் ஆறரைக்குள்ள முடிச்சாங்க? எனக்கு மட்டும் ஏன் முடியல? நானும் ஒரு நிமிஷம் வீணாக்காம பார்க்கறேன், முடியவே மாட்டேங்குது, ஜோவிதா தூங்கினப்புறம் உக்காந்து ஒரு மணி வரைக்கும் எழுதறேன், எழுதி, மேம் மாதிரியே காலைல ஒன்பதுக்கு வெச்சுடறேன், அவங்களுக்குத் தெரியாது, நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா, வெக்கமா இருக்கு. சொல்லிடாதீங்க… அதே வார்த்தை, அதே மாதிரி குரலைத் தாழ்த்தி. ராஜகோபாலன் சார் அன்னைக்கே சொன்னார்ண்ணா, டேபிதா ஆபீஸ் நேரத்துக்கு மேல ஒரு மெயில் அனுப்பிப் பார்த்ததில்ல, அதுதான் டைம் மேனேஜ்மென்ட், யூ ஷுட் லேர்ன் தட் என்று. ராஜகோபாலன் அவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவர், அடக்கத்துக்கு வந்திருந்தார், நல்ல மனிதர், என் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் சார்கிட்ட சொல்லிடப் போறேண்ணா, எனக்கு இந்த சீட் வேணாம், பழைய வேலையே குடுத்துடுங்கன்னு. மேம் உக்காந்த இடத்துல உக்கார எனக்குத் தகுதியில்ல. எபிகூடச் சொல்றார், டேபி மேம் மனுஷி இல்லடி, மெஷின், அவங்களோட போட்டி போடாதேன்னு. சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா என்று மட்டும் சொன்னேன். உண்மை வாய்வரை வந்தது. அப்படியெல்லாம் இல்லம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மேடவாக்கம் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது, எப்போதும் நிற்கிற இடம், அவள் சொல்வாள், மேடவாக்கத்துல நின்னா வேதத்துல ஒரு சங்கீதம் முழுசா மனசுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம் என்று. மீட்டிங் முடிந்ததும் என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில். நான் பேசாமல் நின்றுவிட்டு வந்தால் அந்தப் பெண் இன்றோடு எழுந்துபோய்விடுவாள், இல்லாத ஒரு தபீதாளிடம் தோற்றுப்போய். அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டால்? சொல்லலாம், காதோடு, மேமும் உன்னை மாதிரிதாம்மா என்று. அப்புறம் அவளும் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள், நிம்மதியாக, வெட்கமில்லாமல், ஒரு மணி வரை… அதையா நான் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும்? எல்லார் முன்னாலும் சொன்னால் தபி என்ன ஆவாள்? ராத்திரியில் யாரையும் எழுப்பாத அந்த மரியாதை, அதற்காகத்தானே பன்னிரண்டு பேரும் அழுதார்கள், கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தருக்கொருத்தர், மேம் மெயில் ஒன்பதுக்கு வரும்ல, இனிமே வராதுல்ல என்று சொல்லிச் சொல்லி. அவர்கள் தூங்கட்டும் என்று அவள் விழித்திருந்தாள், அதை நான் போய், உங்களால்தான் அவள் தூங்கவில்லை என்கிற மாதிரி சொல்லிவிடுவேனோ? அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நானே சில நாள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை, துணி உலர்த்த மாடிக்குப் போனவள், படியில் வாளி உருண்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. மூளையில் ரத்தக் கசிவு. தூங்காததாலயா டாக்டர் என்று கேட்டேன். இதனாலதான்னு சொல்ல முடியாது சார், யாருக்கு வேணா வரலாம் என்றார், அவரும் தூங்கியிருக்கவில்லை, கண்ணெல்லாம் சிவப்பு.

தீனா சொன்னது எப்படி மறந்தது… அடக்கத்துக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தான், பள்ளிக்கரணைப் பையன், வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சார், எனுக்கு மட்டும் ஒரே ஒரு வாட்டி ராத்திரி மெயில் போட்டுக்கிறாங்க சார், அம்மாவ ஜி.எச்.ல சேத்துட்டு, மாசக் கடைசி வேலை அப்டியே கெடக்குது, நாளிக்கு வர முடியுமான்னு தெரியல மேம்னு எழுதினேன், காலைல பாப்பாங்கன்னுதான் எழுதினேன், ஒடனே வந்துச்சு சார் பதிலு, வராதே, உன் வேலைய நான் பாத்துக்கிறேன், அம்மா பக்கத்துல இருன்னு. படிச்சிட்டு அப்டியே வராண்டாவுல படுத்துத் தூங்கிட்டேன் சார், கொசு கடிச்சதுகூடத் தெர்ல. அந்த மெயில் எனக்குத் தெரியும். அன்று நான் கேட்டேன், என்ன, இப்பவே அனுப்பறே, உன் ஒன்பது மணி என்ன ஆச்சு என்று. தூக்கத்தைக் கெடுக்கிற மெயில் காலைல போகட்டும், தூக்கம் குடுக்கிற மெயில் உடனே போகணுங்க, நிறுத்தி வெச்சா பாவம் என்றாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தட்டிக்கொண்டே. அப்படியானால் நான் சுமந்துபோகிற இது எது? தூக்கத்தைக் கெடுப்பதா, கொடுப்பதா? சினேகாவுக்குக் கெடுக்கும், தீனாவுக்குக் கெடுக்கும், ராஜகோபாலனுக்குக் கெடுத்தால் கெடுக்கட்டும்… பிளஸ்ஸிக்கு? சார், எறங்கலியா, இதான் சோழிங்கநல்லூரு என்று கண்டக்டர் கத்தினார், பெரும்பாக்கம் ஏரி எப்போது வந்தது, எப்போது போனது?

நான்காவது மாடி. கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்தார்கள், விருந்தினர் என்று. சினேகா லிப்ட் வாசலிலேயே காத்திருந்து, அங்கிள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள், தீனா சட்டையை உள்ளே விட்டு முடியை ஒட்ட வெட்டியிருந்தான், இன்னைக்கு மட்டும்தான் அங்கிள் இவன் மனுஷன் மாதிரி வந்திருக்கான் என்றாள் அவள், நீ மட்டும் இன்னா, மீட்டிங்னதும் கண்ணு மை ஒரு டப்பா என்றான் அவன். கண்ணாடி அறையில் தபியின் படம், போன வருஷத்து ஆபீஸ் பிக்னிக்கில் கோவளத்தில் எடுத்ததாம், பின்னால் படகு, காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கிச் சிரிக்கிறாள், இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை, பார்க்காத ஒரு சிரிப்பு இத்தனை நாள் இங்கே இருந்திருக்கிறது… ராஜகோபாலன் பேசினார். நன்றாகத்தான் பேசினார். டேபிதா நமக்குக் கத்துக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், ஆபீஸ் வேலை ஆபீஸோட முடியணும், அவங்களால முடிஞ்சுது, அதனால நம்ம எல்லாராலயும் முடியும் என்றார். கைதட்டினார்கள். பிளஸ்ஸி சுவரோரமாக நின்றிருந்தாள், கைதட்டினாள், கண்ணுக்குக் கீழே எப்படிக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும், அதோடு நான் எத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். ஜோனத்தான் சார், ரெண்டு வார்த்தை என்றார் ராஜகோபாலன்.

“தபி ராத்திரியில வேலை செஞ்சா,” என்றேன்.

ராஜகோபாலன் மெதுவாக, “ஐ மீன்… ஏதாவது அவசரம்னா…” என்றார்.

“இல்ல சார். தினமும். நான் தூங்கினப்புறம் உக்காருவா, நடுராத்திரிக்கு மேல ஆயிடும். எல்லாத்தையும் எழுதி ஒன்பதுக்கு வெச்சுட்டுத்தான் படுப்பா. நீங்க தூங்கணும்னுதான் சொல்லல. என்னையும் சொல்ல வேண்டாம்னா. அவளால ஆறரைக்குள்ள முடிஞ்சதே இல்ல. யாராலயும் முடியாதுன்னுதான் நினைக்கிறேன்.” இதைச் சொல்லும்போது நான் படத்தைப் பார்க்கவில்லை, பிளஸ்ஸியையும் பார்க்கவில்லை, மேசைமேல் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன், பிறகு தாங்காமல், “ரொம்ப அழகா எழுதுவா,” என்றேன், “ஒவ்வொருத்தர் மாதிரியும் படிச்சுப் பார்ப்பா,” என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்தேன்.

அழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவேயில்லை. ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஓரக்கண்ணால், பரீட்சை அறையில் பார்ப்பது மாதிரி. முதலில் சினேகாதான், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா தெரியவில்லை, “நானும்தான்,” என்றாள்.

“நானும்தான்னா?” என்றாள் பிளஸ்ஸி.

“நானும் நைட்லதான் மேம் முடிப்பேன். டேபி மேம் தப்பா நினைப்பாங்கன்னு ஒன்பதுக்கு வெச்சுடுவேன்.”

“ஏய், நீயுமா?” என்றான் தீனா. “நான் ஒம்பது அஞ்சுக்கு வெப்பேன். எல்லாம் ஒரே நேரத்துக்குப் போனா மேமுக்கு டவுட்டு வந்துருமேன்னு.”

“தூ, அதுல மட்டும் மூளை,” என்றாள் சினேகா, அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் நானும் என்றது, கதவருகே இன்னொன்று, சிரிப்பு ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது, ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. பிளஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. சுவரை விட்டு நகர்ந்து வந்து, “சார், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னு இருந்தேன்,” என்றாள். அப்புறம் பேசலாம்மா என்றார் அவர். “இல்ல சார், இப்பவே. நான் பேச வந்தது வேற, இப்ப பேசப் போறது வேற. பன்னெண்டு பேருக்கு எத்தனை பில்லு வருதுன்னு பேசணும். எல்லாரும் இங்கேயே இருக்கட்டும்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், நேரே அவருக்கு எதிரில்.

யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது, நான் ஓரத்தில் நின்று அந்தப் பிள்ளைகள் குரலை உயர்த்திப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், தபி கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பன்னிரண்டு பேருடைய மெயிலும் காலை ஒன்பதுக்கு அவளிடம்தானே வந்திருக்கும்… தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திறந்திருப்பாள், ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே நேரத்துக்கு, ஒன்றே ஒன்று மட்டும் ஐந்து நிமிஷம் தள்ளி. ஒரு வாக்கியத்தில் ‘ஏன்’ இருந்தால் அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவள். எழுதி ஒன்பதுக்கு வைக்கிற அதே வேலையைத் தானும் செய்துகொண்டிருந்தவள். அவளுக்கா தெரியாமல் இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை, தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தாளா, இல்லை, அவர்கள் தூங்குகிறார்கள் என்று நம்புவது அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்ததா… டீ ஆறிக்கொண்டிருந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள், நான் அப்போதுதான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.